சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேஜை

கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, வேலை பார்க்கும் அனுமதி கைக்கு வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் உணவகத்தில். வாசலில் நின்று, வருகிறவர்களை வரவேற்று, மேஜைக்கு அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு வரைபடம், எழுதி அழிக்கிற பேனா. எந்த மேஜையில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள், அடுத்த மேஜை எந்த சர்வருக்குப் போக வேண்டும், எல்லாம் அந்தப் படத்தில்தான். ஒரே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கூடத்தை வரைகிற அளவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பதினான்காம் நம்பர் மேஜை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளேயும் வெளியேயும் ஆடுகிற கதவு. சர்வர்கள் காலால் தள்ளித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாத்திரம் கழுவுகிற சத்தமும் ப்ளீச் வாடையும் சேர்ந்து வெளியே வரும். அங்கே உட்காருகிறவர்களின் தோளில் அந்தக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மேஜைக்கு யாரை அனுப்ப வேண்டும், ஜன்னலோரம் யாரை வைக்க வேண்டும் என்று மேனேஜர் முதல் வாரமே தணிந்த குரலில் சொல்லிக்கொடுத்தார். நிறம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "உனக்கே பழகிடும்" என்று மட்டும் சொன்னார். பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வயதான கறுப்பினத் தம்பதி வந்தார்கள். அவர் கோட்டும் தொப்பியுமாக இருந்தார், அந்த அம்மா காதில் முத்துத் தோடு. அவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஜன்னலோரம் மூன்று மேஜை காலியாக இருந்தது. நான் பதினான்குக்கு அழைத்துப்போனேன். அவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது, அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை.

டீக்கடைக்கு வெளியே நின்று சிரட்டையில் டீ வாங்கிக் குடித்த கதையை என் அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்தவள்தான் அந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, அங்கே யார் யார் பாடினார்கள் என்பதை எல்லாம் தாண்டி, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. பத்து வருடம் போல நடந்து மூடப்பட்ட இடம். ஜாஸ் கேட்பவர்களுக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும். எனக்கு ஜாஸ் அவ்வளவாகத் தெரியாது. மேஜை தெரியும்.

அதை ஆரம்பித்த பார்னி ஜோசப்சன் செருப்பு வியாபாரத்திலிருந்து வந்தவர். 1902-இல் நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் லாட்வியாவிலிருந்து வந்த யூதர்கள். ஷூ விற்றுக்கொண்டிருந்தவருக்கு இசை மேல் தீராத ஆசை. நியூயார்க் வரும்போதெல்லாம் ஹார்லெமுக்குப் போய் ட்யூக் எலிங்டன் குழுவைக் கேட்பார். அங்கே காட்டன் கிளப் என்று பேர்பெற்ற விடுதி. மேடையில் ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் வெள்ளையர். இது நடந்தது கறுப்பின மக்கள் குடியிருக்கும் ஹார்லெமின் நடுவிலேயே. தப்பித்தவறி ஒரு கறுப்பினத்தவரை உள்ளே விட்டாலும் பின்பக்கத்தில் ஒதுக்குப்புறமாகத்தான் இடம். ஜோசப்சனை உறுத்தியது இதுதான்.

நியூயார்க் மாநிலத்தில் இனம் பார்த்து யாருக்கும் உணவு மறுக்கக் கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. ஆனால் "எல்லா மேஜையும் ரிசர்வ் ஆகிவிட்டது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாசலில் நின்றவள் சொல்கிறேன், மூன்று வினாடி போதும். சட்டத்தால் அந்த மூன்று வினாடிக்குள் நுழைய முடியாது. அங்கே நிற்கிற ஆளுக்கு முதலாளி என்ன சொல்லிவைத்திருக்கிறார் என்பதுதான் எல்லாம்.

கடனாக வாங்கிய 6,000 டாலரை வைத்துக்கொண்டு, கிரெனிச் வில்லேஜ் பகுதியில் ஷெரிடன் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையை ஜோசப்சன் பிடித்தார். 1938 டிசம்பர் கடைசியில் கதவு திறந்தது. அவருக்கு வயது 36. இரவு விடுதி நடத்திய அனுபவம் துளியும் கிடையாது. சுமார் 200 பேர் உட்காரலாம். மேடையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், கீழே இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார வேண்டும், இதுதான் அவர் கணக்கு. அமெரிக்காவில் வெள்ளையர் பகுதியில் இப்படி அறிவித்து நடந்த முதல் இரவு விடுதி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

பெயரே ஒரு குத்தல். இரவு விடுதிகளில் பொழுதைக் கழிக்கிற பணக்காரக் கூட்டத்துக்கு அன்றைய பத்திரிகைகள் வைத்திருந்த பெயர் 'கஃபே சொசைட்டி'. அந்தப் பெயரையே எடுத்துப் பலகையில் எழுதி மாட்டினார்கள். விளம்பர வாசகம், 'சரியான ஆட்களுக்கான தவறான இடம்'. ஆங்கிலத்தில் 'ரைட்' என்றால் சரி என்றும் பொருள், வலதுசாரி என்றும் பொருள் என்பதால் அது இரண்டு பக்கமும் வெட்டும். பெரிய விடுதிகளில் பளபளக்கும் சீருடையில் வாயிற்காவலர் நின்று கதவைத் திறந்துவிடுவார். இங்கே வாசலில் நின்றவரின் கோட்டு கிழிசல், வெள்ளைக் கையுறையின் நுனியில் விரல்கள் எட்டிப் பார்க்கும், கதவை வாடிக்கையாளர்களே திறந்துகொண்டு போக வேண்டும். உள்ளே சுவர்களில் வில்லியம் க்ராப்பர், அடால்ஃப் டேன், ஆட் ரைன்ஹார்ட் போன்ற ஓவியர்கள் பணக்காரக் கூட்டத்தைக் கிண்டல் செய்து வரைந்த படங்கள்.

இசைக்கு, இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் துணை நின்றார். அதே டிசம்பரில் அவர் கார்னகி ஹாலில் ஒரு பெரிய கச்சேரி நடத்தியிருந்தார். அதற்காக நியூயார்க் வந்த ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் என்ற மூன்று பியானோக்காரர்களும் பாடகர் பிக் ஜோ டர்னரும் அப்படியே இந்த நிலவறைக்கு வந்தார்கள். பூகி-வூகி வாசிப்பவர்கள். இடது கை ஓடும் ரயில் மாதிரி ஒரே தாளத்தை விடாமல் உருட்டிக்கொண்டிருக்க, வலது கை அதன் மேல் இஷ்டத்துக்கு விளையாடும். தொகுப்பாளராக ஜாக் கில்ஃபோர்ட் என்ற நகைச்சுவை நடிகர். பாடகியாக 23 வயது பில்லி ஹாலிடே.

ஹாலிடே அப்போதுதான் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவை விட்டு வந்திருந்தார். அந்தக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தபோது, நியூயார்க்கிலேயே ஒரு ஹோட்டலில் விருந்தினர் லிஃப்டில் ஏறக் கூடாது, சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேடையில் அவர்தான் பாடகி, மேடைக்குப் போகிற வழி மட்டும் சாமான்களோடு.

சரி, மேஜைக்கு வருகிறேன். ஜோசப்சன் கறுப்பின விருந்தினர்களை உள்ளே விட்டதோடு நிறுத்தவில்லை, நல்ல மேஜைகளில் உட்காரவைத்தார். பக்கத்தில் இவர்கள் உட்கார்ந்தால் எங்களுக்கு ஆகாது என்று முகம் சுளித்தவர்கள் பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்பது அங்கே வழக்கம். படிக்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உணவகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். மேடை தெரிகிற முன்வரிசை மேஜைதான் ஒரு விடுதியின் சொத்து. அதை வைத்துத்தான் செல்வாக்குள்ளவர்களைப் பிடித்து வைப்பார்கள், அடிக்கடி வருகிறவர்களைக் குளிரவைப்பார்கள். தலையில் கடனை வைத்துக்கொண்டு, புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவர், அந்த மேஜையை ஊரில் வேறு எங்கும் நல்ல மேஜை கிடைக்காதவர்களுக்குக் கொடுத்தார். எங்கள் மேனேஜருக்குப் பெரிய கடன் நெருக்கடி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அது அந்தப் பாட்டு.

ஏபல் மீரோபோல் பிராங்ஸ் பகுதியில் பள்ளிக்கூட வாத்தியார். 1930-இல் இண்டியானா மாநிலத்தின் மரியான் என்ற ஊரில் இரண்டு கறுப்பின இளைஞர்களை ஒரு வெறிக்கும்பல் அடித்து மரத்தில் தொங்கவிட்டது. அதன் புகைப்படம் அவர் கண்ணில் பட்டது. தூக்கம் போன அந்த மனிதர் ஒரு கவிதை எழுதி, அதற்கு மெட்டும் போட்டு, அதைக் கஃபே சொசைட்டிக்கே கொண்டுவந்து ஹாலிடேயிடம் கொடுத்தார். 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்ற பாட்டு அது. தெற்கத்தி மரங்களில் தொங்குகிற உடல்களைப் பழம் என்று சொல்கிற பாட்டு. சாப்பிட்டு, குடித்து, சிரித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தின் முன்னால் அதை எப்படிப் பாடுவது?

ஜோசப்சன் அதற்கு ஒரு முறை வகுத்தார். ஒரு இரவில் மூன்று காட்சி. ஒவ்வொன்றிலும் கடைசிப் பாட்டு இதுதான். அது ஆரம்பிக்கும் முன் சர்வர்கள் இருந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். ஆர்டர் எடுக்கக் கூடாது, கோப்பை வைக்கக் கூடாது, எச்சில் தட்டு எடுக்கக் கூடாது. பாரில் மது ஊற்றுகிறவர் கை நிற்கும். கல்லாவும் நிற்கும். விளக்குகள் எல்லாம் அணைந்துவிடும். ஹாலிடேயின் முகத்தில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். பாட்டு முடிந்ததும் அதுவும் அணையும். திரும்ப விளக்கு எரியும்போது அவர் மேடையில் இருக்க மாட்டார். எவ்வளவு கைதட்டினாலும் மறுபடி வர மாட்டார். முதன்முறை பாடி முடித்தபோது கைதட்டலே வரவில்லை, ஒரே ஒருவர் தயங்கித் தயங்கித் தட்ட ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள் என்று ஹாலிடே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இதைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் சர்வர்களை நினைத்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் சர்வருக்கு டிப்ஸ்தான் பிழைப்பு. இரவு விடுதிக்கு மது விற்பனைதான் பிழைப்பு. காட்சி முடிகிற கடைசிப் பத்து நிமிடம் ஓட்டமாக ஓடுகிற நேரம், ஆளாளுக்கு இன்னொரு கோப்பை கேட்பார்கள், பில் கேட்பார்கள், கோட்டைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் இருட்டில் தட்டைத் தோளில் தாங்கியபடி அசையாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். தட்டில் இருக்கிற ஐஸ் துண்டுகள் உருகி லேசாகச் சத்தம் போடும், அதைக்கூட விரலால் பிடிக்கத் தோன்றும். ஒரு இரவுக்கு மூன்று முறை அந்த வியாபாரம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. சுமார் ஒன்பது மாதம் ஹாலிடே அங்கே பாடினார்.

அவர் ஒப்பந்தம் போட்டிருந்த கொலம்பியா நிறுவனம் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. 1939 ஏப்ரல் 20 அன்று கமோடோர் என்ற சின்ன நிறுவனம் பதிவு செய்தது. அந்தப் பதிவை நான் ஒரே ஒருமுறைதான் முழுசாகக் கேட்டேன், அடுப்பை அணைத்துவிட்டு.

அப்புறம் வியாபாரம் சூடுபிடித்தது. 1940-இல் கிழக்கு 58-ஆம் தெருவில் இன்னொரு கிளை திறந்தார்கள். ட்ரினிடாடில் பிறந்த ஹேசல் ஸ்காட் வந்து, பாக், ஷோப்பான் என்ற ஐரோப்பியச் செவ்வியல் இசை மேதைகளின் இசையை எடுத்து ஜாஸ் நடையில் வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். லீனா ஹார்ன், சேரா வான், ஜோஷ் வைட், டெடி வில்சன், மேரி லூ வில்லியம்ஸ் என்று வரிசை நீளும். நகைச்சுவை நடிகர் ஸீரோ மோஸ்டல் முதன்முதலில் கூட்டத்தைச் சிரிக்கவைத்த மேடையும் இதுதான். 1945-இல் ஹேசல் ஸ்காட், காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் க்ளேட்டன் பவலைக் கல்யாணம் செய்துகொண்டபோது வரவேற்பு நடந்ததும் 58-ஆம் தெருக் கிளையில்தான்.

முடிவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பார்னியின் அண்ணன் லியான் ஒரு வழக்கறிஞர், கம்யூனிஸ்ட். 1947-இல் அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரிக்கிற நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டது. உங்களுக்கு என்னை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று அவர் பதில் சொல்ல மறுத்தார். அவமதிப்பு வழக்கு, சிறை. வெஸ்ட்புரூக் பெக்ளர் போன்ற பத்தி எழுத்தாளர்கள் அண்ணனை விட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கஃபே சொசைட்டிக்குப் போனால் நம் பெயரும் கெடும் என்ற பயம் ஊரில் பரவியது. வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். இரண்டு விடுதிகளும் அவர் கையை விட்டுப் போயின.

அங்கே பாடியவர்களையும் அது விடவில்லை. ஹேசல் ஸ்காட்டுக்குத் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சியே இருந்தது. 1950-இல் அதே குழுவின் முன் போய்த் துணிச்சலாகப் பேசிவிட்டு வந்தார், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கில்ஃபோர்டுக்கும் மோஸ்டலுக்கும் வருடக்கணக்கில் படவாய்ப்பு இல்லை. ஹாலிடேவுக்கு வந்தது வேறு விதமான தடை. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் மது விற்கிற இடத்தில் பாட வேண்டுமானால் போலீசிடம் கைரேகை கொடுத்து ஒரு அட்டை வாங்க வேண்டும். 1947-இல் போதைமருந்து வழக்கில் தண்டனை ஆனதும் அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். தான் பேர் வாங்கிய ஊரிலேயே இரவு விடுதிகளில் பாடும் உரிமை இல்லாமல் போனது. 1959-இல் இறக்கும்போது அவருக்கு 44 வயது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் போகும் 'பாத்' ரயிலில் கிறிஸ்டோபர் தெருவில் இறங்கி ஷெரிடன் சதுக்கத்துக்கு நடந்தேன். சதுக்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, கம்பிவேலி போட்ட ஒரு முக்கோணத் தோட்டம். ஷெரிடன் தளபதியின் சிலையைத் தேடினால் அது பக்கத்துப் பூங்காவில் இருக்கிறது. கஃபே சொசைட்டி இருந்த நிலவறை பின்னாளில் நாடக அரங்காகிவிட்டது. அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வரைபடம் கையில் இருப்பது போலவே இருந்தது. ஏழெட்டுப் படி இறங்கினால் உள்ளே, இங்கே நின்று ஒருவர் தம்பதி ஒன்றை வரவேற்றிருப்பார், அவர் தொப்பியை வாங்கி வைத்திருப்பார், நேராக முன்வரிசைக்கு அழைத்துப்போயிருப்பார். என்னால் செய்ய முடியாமல் போனது அவ்வளவுதான், ஒரு கூடத்தின் குறுக்கே இருபது அடி நடை.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் யுனிவர்சிட்டி பிளேஸும் 8-ஆம் தெருவும் சந்திக்கிற மூலை. எல்லாம் போன பிறகு 1955-இல் ஜோசப்சன் அங்கே 'குக்கரி' என்ற பெயரில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தார். பாட்டு இல்லை, மேடை இல்லை, சாப்பாடு மட்டும். பதினைந்து வருடம் அப்படியே ஓடியது. 1970-இல் மேரி லூ வில்லியம்ஸ் வந்து எனக்கு வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். ஜோசப்சன் பியானோ ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கடைக்குள் போட்டார்.

அந்தப் பியானோவுக்குப் பக்கத்தில் 1977-இல் ஆல்பர்ட்டா ஹண்டர் வந்து நின்றார். சின்ன வயதில் சிகாகோவில் பேர்பெற்ற பாடகி. பாட்டை விட்டுவிட்டு இருபது வருடம் நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் பாடகி என்றே தெரியாது. எழுபது வயது ஆகிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரி ஓய்வு கொடுத்து அனுப்பியது. வேலைக்குச் சேரும்போது அவர் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார், உண்மையில் அப்போது 82. ஜோசப்சன் இரண்டு வாரத்துக்கு என்று பேசி அவரைப் பாடவைத்தார். இரண்டு வாரம் ஆறு வருடத்துக்கு மேல் ஓடியது.